பின்வாசல் வழியே வரும் மின்சாரம்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை என்று துணை மின்நிலையத்தின் பெயரோடு நாளிதழில் அறிவிப்பு வரும். அன்றைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நின்றுவிடுவதில்லை. கரண்ட் போனதும் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கும். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனுக்கு ஆபத்து அந்த ஜெனரேட்டரிலிருந்தும் வரலாம்.

22,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மருக்குத் திசை பேதம் கிடையாது. அதன் கீழ்ப்பக்கச் சுருளில் ஜெனரேட்டரின் 415 வோல்ட் ஏறினால், மேல்பக்கத்தில் ஏறக்குறைய 21,000 வோல்ட் பிறக்கும். பகுதியின் மொத்தச் சுமையைத் தாங்காமல் ஜெனரேட்டர் நின்றுவிடும் என்றும் நம்பியிருக்க முடியாது. பணிக்காகப் பிரித்துவைத்த லைனில் சுமையே இல்லாமல் போகலாம். ஆகவேதான் மின்வாரிய இணைப்பும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி தடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயமாகிறது.

லைன்மேன்கள் அதை மட்டும் நம்புவதில்லை. லைன் கிளியர் எனும் பணி அனுமதி வாங்கி, லைனைப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டி, மின்சாரம் இல்லை என்று சோதித்தபின், வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் எர்த் ராடு மாட்டுவார்கள். மூன்று கம்பிகளும் ஒன்றோடொன்று இணைந்து மண்ணோடு சேர்ந்துவிட்டால், எந்தப் பக்கமிருந்து மின்சாரம் புகுந்தாலும் அங்கே மின்னழுத்தம் பெரிதாக ஏறாது. மின்னோட்டம் எகிறி, ஃபியூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும்.

கம்பெனிக்குள்ளும் இதே கதைதான். சாயப்பட்டறையிலும் காம்பாக்டிங்கிலும் மோட்டார் வேகத்தை ஆளும் டிரைவ், 415 வோல்ட் ஏ.சி.யை 580 வோல்ட்டுக்கும் மேற்பட்ட டி.சி.யாக மாற்றி கெபாசிட்டரில் தேக்கிவைக்கிறது. மெயினை அணைத்த பிறகும் அது வடியச் சில நிமிடங்கள் ஆகும். எத்தனை நிமிடம் என்பதை டிரைவின் மூடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். பவர் ஃபேக்டருக்காக வைத்த கெபாசிட்டர் பேனலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கூரையில் சோலார் இருந்தால், கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் தானே விலகிக்கொள்ளும். ஆனால் வெயில் உள்ளவரை பேனலிலிருந்து இறங்கும் கேபிளில் டி.சி. இருந்துகொண்டேதான் இருக்கும்.

சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டர் எரியவில்லை என்பது போதிய சான்றல்ல. அதன் நியான் விளக்கு, பிடித்திருப்பவரின் உடல்வழி செல்லும் நுண்ணிய மின்னோட்டத்தால் எரிவது. காய்ந்த மரப்பலகைமேல் நின்றால் ஏமாற்றலாம். பகல் வெளிச்சத்தில் எரிவதே தெரியாமல் போகலாம். சரியான முறை: சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில், மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில். இடையில் கருவி பழுதாகவில்லை என்பதற்கு அந்த மூன்றாவது சோதனையே சாட்சி.

மிஞ்சுவது மனிதத் தவறு. மெஷினுக்குள் ஒருவர் கை வைத்திருப்பது தெரியாமல் ஷிப்ட் மாறி வந்த இன்னொருவர் சுவிட்சைப் போட்டுவிடலாம். அமெரிக்காவில் 1989-இல் விதியான பூட்டு–அட்டை முறை இதற்கானது. மூன்று பேர் வேலை செய்தால், மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரில் மூன்று பூட்டு. அவரவர் சாவி அவரவர் பையில். கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை மெஷின் ஓடாது.

வெளிநாட்டு பையரின் ஆடிட் நாளில் மட்டும் இந்தப் பூட்டுகளை எடுத்து மாட்டுவதில் பயனில்லை. பெரிய பழுதுபார்ப்புகள் நடப்பது ஆள் குறைந்த ஞாயிற்றுக்கிழமைகளில். பூட்டு அவசியம் தேவைப்படுவதும் அன்றைக்குத்தான்.