காத்திருந்தவளும் களம் சென்றவளும்

போர்க்கதைகளில் ஆண் களத்தில் நிற்பான். பெண் வாசலில் காத்திருப்பாள். இதுவே முழு உண்மையோ எனச் சிந்திப்போம்.

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து இராசேந்திரன் ஆண்ட நாளில் அவன் படை வென்ற கடாரம் மலேயாவில் உள்ளது. அம்மலேயாவுக்கே, பிற்காலத்தில், நம் பெரம்பலூர், அரியலூர் பகுதிகள் அடங்கியிருந்த பழைய திருச்சி மாவட்டத்தார் பலர் பிழைப்புத் தேடிச் சென்றனர். இரண்டாம் உலகப் போர்க்கால மலேயாத் தமிழரை நாவலில் வடித்தவர் ப. சிங்காரம். 1959-இல் வெளியான அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் செல்லையா இந்திய தேசிய இராணுவ வீரன். அவன் விரும்பிய மரகதமோ வீட்டிற்குள் கலங்கி நிற்பவள்.

வரலாறு வேறொரு காட்சியையும் தருகின்றது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கிற்று. தலைமை ஏற்றவர் சென்னையில் மருத்துவம் பயின்ற லட்சுமி சுவாமிநாதன். ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். துப்பாக்கி ஏந்தப் பயின்ற கைகளே, 1944-இல் பர்மாவின் மேம்யோ மருத்துவமனையில், இம்பால் போர்முனையிலிருந்து வந்தோரின் புண்களைக் கழுவிக் கட்டின. 1945-இல் பின்வாங்கும் வழியில், அப்பெண்கள் சென்ற ரயில் தாக்கப்பட்டு, ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இருவர் உயிர் நீத்தனர்.

நம் ஞானஸ்நானப் பதிவேடுகளில் அடிக்கடி காணும் பெயர்களன்றோ இவை! கதைகள் மரகதத்தின் கண்ணீரைக் காத்தன. ஸ்டெல்லாவின் துணிவை யார் காப்பது? அன்புக் குடும்பத்தினரே, மலேயா சென்று மீண்ட பாட்டிமாரின் செய்தி உங்கள் இல்லத்தில் வழங்குமாயின், இன்றே எழுதி வையுங்கள். நாளை சொல்வதற்கு ஆள் இராது.