பழைய காரின் பெட்ரோல் முள்ளும் ஒரு நீண்ட மின்கம்பியும்

ஹைதராபாத்தின் சௌமஹல்லா அரண்மனைக்குச் சென்றவர்கள், நிஜாமின் 1912-ஆம் ஆண்டு மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் காரைக் கண்டிருப்பார்கள். அக்காலக் கார்கள் பலவற்றில் தொட்டிக்குள் குச்சியை விட்டே எரிபொருள் இருப்பை அளந்தனர். இன்று நம் வாடிக்கையாளர்களின் இல்லங்களில் தந்தையாரின் நினைவாக நிற்கும் அம்பாசடர் போன்ற கார்களில் அவ்வேலையைச் செய்வது மின்சார முள். வண்டிக்கு வயதானதும் முதலில் பொய் சொல்லத் தொடங்குவதும் அதுவே. முள் அசையவில்லை என்றதும் அளவுமானியையும் தொட்டியின் மிதவைக் கருவியையும் மாற்றிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. பல வேளைகளில் குற்றவாளி, இவ்விரண்டையும் இணைக்கும் மலிவான ஒரு வயர்தான்.

மின்சாரம் சாவியிலிருந்து ஃபியூஸ் வழியாக அளவுமானிக்கு வருகிறது. அங்கிருந்து ஒற்றை வயர் வண்டியின் பின்புறம்வரை ஓடித் தொட்டியை அடைகிறது. தொட்டியிலுள்ள மிதவை ஏறி இறங்க, அதனோடு இணைந்த மின்தடை மாறுகிறது. பின்னர் மின்சாரம் எர்த் வழியாக வண்டியின் உடலைச் சேர்கிறது. பிரித்தானிய வண்ண முறையைப் பின்பற்றிய வண்டிகளில் அளவுமானிக்கு வருவது பச்சை, தொட்டிக்குப் போவது கறுப்புக் கோடிட்ட பச்சை, எர்த் கறுப்பு. பருத்தி நூல் சுற்றிய பழைய ரப்பர் உறை தக்காணத்துக் கோடையில் இறுகி வெடித்துவிடும். எஞ்சியதை எலி கடிக்கும்.

ஈடுகட்டாத தொகையைக் கணக்கேட்டில் தேடும்போது இரு முனைகளிலிருந்தும் நெருங்குவோம். இங்கும் அதே முறைதான். முதலில் சாவியைத் திருப்பிப் பாருங்கள். சட்டென்று பாயும் முள் பழைய சுருள் வகை. மெல்ல ஊர்ந்து ஏறுவது பிந்தைய வெப்பத்தகடு வகை. வயர் அறுந்தால் சுருள் வகையின் முள் 'நிறைவு' காட்டும்; வெப்பத்தகடு வகையின் முள் 'காலி' காட்டும். அதே வயர் உடலில் உரசினால் இரண்டும் தலைகீழாகும். வறண்ட தொட்டிக்கு 'நிறைவு' காட்டும் முள்ளே நம்மை நடுவழியில் நிறுத்துவது.

சாவியை அணைத்துத் தொட்டி முனையின் வயரைக் கழற்றி, எர்த்துடன் உறுதியாக இணைத்தபின் சாவியைத் திருப்புங்கள். இந்த வரிசையை மாற்றினால் பெட்ரோல் ஆவியருகே பொறி பறக்கும். முள் மறுகோடிக்குச் சென்றால் அளவுமானியும் வயரும் நலமே. உடனே சாவியை அணைத்துவிட்டு, மிதவைக் கருவியையும் அதன் எர்த்தையும் பாருங்கள். துருவேறிய எர்த் திருகைச் சுரண்டிச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்துவிடுவதும் உண்டு. முள் அசையாவிட்டால், சாவியை அணைத்து அளவுமானி முனையிலும் அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே அசைந்தால் இடைப்பட்ட வயரே பழுது. அங்கும் அசையாவிட்டால், பச்சை வயரில் மின்சாரம் வருகிறதா என்று மல்டிமீட்டரால் அறியலாம். வந்தால் பழுது அளவுமானியில்.

வயர் மாற்றும்முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பழைய கட்டைக் குலைக்காமல், அதே நிறத்தில் புது வயரை அதன் பக்கத்திலேயே செலுத்துவதே நல்லது. தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இருக்கட்டும், சைலன்சரிலிருந்து விலகியிருக்கட்டும். நடுவில் முறுக்கி ஒட்டுநாடா சுற்றிய இணைப்பு வேண்டவே வேண்டாம். ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றிவைத்திருந்தால் அன்றே அகற்றுங்கள். மெக்கானிக்கின் இச்சிக்கனத்தை எந்தக் கணக்கிலும் நாம் ஏற்கமாட்டோம்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு வகுத்த விண்டேஜ் பதிவு விதிகள், உடற்கூடு, சேஸிஸ், எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதும் மாற்றியிருக்கக் கூடாது என்கின்றன. வயர் மாற்றம் அந்த வரம்புக்குள் வராது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டுகள் செல்லும். பழுதுபார்த்த ரசீதைப் பதிவு ஆவணங்களுடன் வையுங்கள். முதன்முறை எரிபொருள் நிரப்பும்போது, ஐந்தைந்து லிட்டராக ஊற்றி முள் நிற்குமிடத்தை ஒரு தாளில் குறித்து அதனுடன் இணைத்துவிடுங்கள்.