நடக்கையில் நோகும் கால்

கிளாவரையில் வீட்டிலிருந்து பூண்டு வயலுக்குப் போவதென்றால் ஏற்ற இறக்கமே வழி. ஏறுகையில் கெண்டைக்கால் இறுகி நோவதும், சற்று நின்றதும் அந்நோவு அகல்வதும் வழக்கமாயின், அதை முதுமையென்று தள்ளலாகாது. காலின் தமனி குறுகி, உழைக்கும் தசைக்குக் குருதி போதாமலிருக்கலாம். 1831இல் பூலே என்னும் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதை விவரித்தது ஒரு குதிரையிடத்தில்!

நோகும் காலுக்கு ஓய்வே மருந்தென்போம். ஆனால் 1966இல் டென்மார்க்கின் லார்சனும் லாசனும் நாள்தோறும் பயிற்சியளித்துப் பார்க்க, நோயாளிகளின் நடை நீண்டது. மருத்துவர் இசைவுடன், நோவு மிகும்வரை நடந்து, தீரும்வரை நின்று, மீண்டும் நடக்கவேண்டும். அரைமணிக்குக் குறையாமல், வாரம் மும்முறை, மூன்று திங்கள். அடைபட்ட குழாய் திறந்துவிடுவதில்லை. கிடைக்கும் உயிர்வளியைச் செட்டாகச் செலவிடத் தசை பழகுகிறது. மருத்துவமனைகளில் இதற்கென நடைப்பொறியைச் சாய்த்து வைப்பார்கள். கிளாவரையில் நிலமே சாய்ந்திருக்கிறது. பீடியை மட்டும் விட்டுவிடவேண்டும்.

படுக்கையிலும் கால் நோவெடுத்தாலோ, விரலில் ஆறாப் புண் கண்டாலோ, நடைப்பயிற்சி காத்திருக்கட்டும். அன்றே கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குச் செல்க.