எக்ஸாஸ்ட் மேனிபோல்டு போல்ட்டு முறிவு

எக்ஸாஸ்ட் மேனிபோல்டு போல்ட்டு முறிவு என்பது, கார் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டுடன் புகை வெளியேற்றுக் குழாய்த் தொகுதியைப் பிணைக்கும் போல்ட்டோ ஸ்டட்டோ முறிந்து, அதன் அடிப்பகுதி ஹெட்டின் மரைக்குள் தங்கிவிடும் பழுது ஆகும். பல ஆண்டுகள் ஓடிய கார்களில் இது பரவலாகக் காணப்படுகிறது. முறிந்த போல்ட்டின் விலை மிகக் குறைவு; அது சிக்கியுள்ள சிலிண்டர் ஹெட்டோ எஞ்சினின் விலை மிகுந்த உறுப்புகளுள் ஒன்று. எனவே போல்ட்டை விரைவாக வெளியே எடுப்பதைவிட, ஹெட்டின் மரையைக் காப்பதே இப்பழுது நீக்கலின் முதன்மை நோக்கமாகும்.

அமைப்பு

சிலிண்டர்களிலிருந்து வெளிவரும் எரிந்த வளிமத்தை ஒன்றுசேர்த்துச் சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் உறுப்பே எக்ஸாஸ்ட் மேனிபோல்டு. பழைய கார்களில் இது பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. ஹெட் வார்ப்பிரும்பாகவோ அலுமினியக் கலப்புலோகமாகவோ இருக்கும். இரண்டுக்கும் இடையில் வெப்பம் தாங்கும் கேஸ்கட் வைக்கப்படுகிறது. சில எஞ்சின்களில் போல்ட்டுகள் நேரடியாக ஹெட்டில் திருகப்படுகின்றன. வேறு சிலவற்றில், இரு முனைகளிலும் மரையுள்ள ஸ்டட்டுகள் ஹெட்டில் நிலையாகத் திருகப்பட்டு, வெளிமுனையில் நட்டு முடுக்கப்படுகிறது.

2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர் காரில் பல ஆண்டுகள் பயன்பட்ட 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின் இரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டு ஆகும். இது பிரித்தானியாவின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி வரிசை எஞ்சின். இதன் ஹெட் வார்ப்பிரும்பால் ஆனது. நான்கு சிலிண்டர்களுக்கும் மூன்று புகை வாய்களே உள்ளன. நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களும் ஒரே வாயைப் பகிர்கின்றன. உள்ளிழு குழாய்த் தொகுதியும் வெளியேற்றுக் குழாய்த் தொகுதியும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் அமைந்துள்ளன. சில ஸ்டட்டுகளில் உள்ள தடித்த வாஷர்கள் இரண்டின் விளிம்புகளையும் சேர்த்து அழுத்துகின்றன. அவ்விளிம்புகளின் தடிப்பு சமமாக இல்லாவிடில் வாஷர் சாய்ந்து அமர்ந்து, ஸ்டட்டு வளைவிசைக்கு உள்ளாகும்.

காரணங்கள்

வெப்ப விரிவு முதன்மையான காரணமாகும். 45 செ.மீ. நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிபோல்டின் வெப்பநிலை 500 பாகை செல்சியசு உயரும்போது அது ஏறத்தாழ 2.5 மி.மீ. நீள்கிறது. ஹெட்டினுள் குளிர்விப்பு நீர் ஓடுவதால் அதன் வெப்பநிலை 80 பாகை அளவே உயர்கிறது. அப்போது அதே நீளமுள்ள வார்ப்பிரும்பு ஹெட் ஏறத்தாழ 0.4 மி.மீ., அலுமினிய ஹெட் ஏறத்தாழ 0.8 மி.மீ. மட்டுமே நீள்கின்றன. இவ்வேறுபாட்டால் மேனிபோல்டு ஒவ்வொரு பயணத்திலும் ஹெட்டின்மீது வழுக்கி நகர்ந்து, பின் திரும்புகிறது. நகர்வு இரு முனைகளிலும் மிகுதி என்பதால் முனைப் போல்ட்டுகளே பெரும்பாலும் முறிகின்றன. இந்நகர்வுக்கு இடம்தரவே மேனிபோல்டின் துளைகள் போல்ட்டைவிடச் சற்றுப் பெரியனவாக அமைக்கப்படுகின்றன. அளவுக்கு மீறி முடுக்கினால் வழுக்கல் தடைப்பட்டு, அவ்விசையைப் போல்ட்டே தாங்க நேரிடும்.

இரண்டாவது காரணம் துரு. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பெருகுவதால், மரை இடுக்குகள் இறுகுகின்றன. துருவேறிய போல்ட்டை முரட்டு விசையுடன் கழற்றும் வேளையிலேயே பல முறிவுகள் நிகழ்கின்றன.

அறிகுறிகள்

குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் 'டிக் டிக்' என்ற ஒலி கேட்கும். மேனிபோல்டு சூடேறி விரிந்து இடைவெளியை அடைக்கும்போது ஒலி குறையலாம். இதனால் இது வால்வு ஒலி எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. கசியும் இடத்தில் கரும்புகைப் படிவு காணப்படும். ஆக்சிஜன் உணரி உள்ள கார்களில், இடைவெளி வழியே உட்புகும் காற்று உணரியின் அளவீட்டைப் பிழையாக்கும்.

புகைக் கசிவில் கார்பன் மோனாக்சைடு கலந்துள்ளது. நிறமும் மணமும் அற்ற இவ்வளிமம், குருதியின் ஈமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிடப் பன்மடங்கு வலுவாகப் பிணைகிறது. எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலான தடுப்பில் ஓட்டைகள் இருந்தால் இது உள்ளே நுழையக்கூடும். பயணத்தின்போது தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியன தோன்றினால் காரை நிறுத்தி வெளியேற வேண்டும். 'ஒலி மட்டும்தானே' என இப்பழுதைத் தள்ளிப்போடுதல் ஆபத்தானது.

அகற்றும் முறைகள்

முறிந்த துண்டு எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதைப் பொறுத்து முறை தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஹெட்டுக்கு மிகக் குறைந்த தீங்கு விளைவிக்கும் முறையிலிருந்து தொடங்குவது நன்று.

துண்டு வெளியே நீண்டிருந்தால்: துருநீக்கி எண்ணெயைப் பலமுறை இட்டுச் சில மணி நேரமாவது ஊறவிட வேண்டும். பின் பூட்டுக் குறடால் பற்றி, முதலில் சிறிதளவு முடுக்கி, அதன்பின் தளர்த்த வேண்டும். இவ்வாறு முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் திருப்பினால் துரு பொடிந்து வெளியேறும். போதிய மரை எஞ்சியிருந்தால் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, உள்நட்டைத் திருப்பலாம். துண்டைச் சுற்றியுள்ள பகுதியைச் சூடாக்குவதும் உதவும். எனினும் அலுமினியம் உருகும்முன் சிவந்து எச்சரிப்பதில்லை. ஆகவே அலுமினிய ஹெட்டில் தீச்சுடரைப் பயன்படுத்துவதில் மிகுந்த கவனம் தேவை.

துண்டு ஹெட்டின் பரப்போடு சமமாக இருந்தால்: அதன்மேல் ஒரு வாஷரை வைத்து வெல்டிங் செய்து, வாஷரோடு ஒரு நட்டை இணைக்கலாம். வெல்டிங் வெப்பமே துருப்பிடிப்பைத் தளர்த்துகிறது. சற்றுக் குளிர்ந்தபின் நட்டை மெல்லத் திருப்ப வேண்டும். முதல் இணைப்பு அறுந்தாலும் மீண்டும் முயலலாம் என்பது இம்முறையின் சிறப்பு. எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாததால், அலுமினிய ஹெட்டுகளிலும் இது பயன்படுகிறது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

துண்டு பரப்புக்குக் கீழே இருந்தால்: துளையிடுதல் கடைசி வழியாகும். துண்டின் நடுவில் சென்டர் பஞ்ச்சால் குறியிட்டு, 3 மி.மீ. போன்ற சிறு துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். இடப்புறம் சுழன்று வெட்டும் டிரில் பிட் பயன்படுத்தினால், துளையிடும்போதே துண்டு கழன்று வருவதுண்டு. 8 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. மரை இடைவெளியும் கொண்ட போல்ட்டாயின், துளை 6.8 மி.மீ. அளவைத் தாண்டக் கூடாது. நடுவிலிருந்து விலகிய துளை ஹெட்டின் மரையை அழித்துவிடும்.

பட்டறைகளில் 'ஈஸி அவுட்' எனப்படும் கருவி, துளைக்குள் செலுத்தி எதிர்ப்புறம் திருப்பப்படுகிறது. இது கடினமாக்கப்பட்ட எஃகால் ஆனது. விசை மிகுந்தால் துளைக்குள்ளேயே முறியும். அதைச் சாதாரண டிரில் பிட் வெட்டாது. அந்நிலையில் கார்பைடு வெட்டுமுனையோ மின்பொறி அரிப்பு எந்திரமோ தேவைப்படும். துருவால் இறுகிய ஒரு துண்டுக்கு இக்கருவியை முதல் முயற்சியாகக் கையாள்வது, சிறு பழுதைப் பெரும்பழுதாக்கக்கூடும்.

மரை சேதமடைந்திருந்தால், துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, 'ஹெலிகாயில்' எனப்படும் துருவுறா எஃகுச் சுருளைப் பொருத்தலாம். இது முந்தைய அளவு போல்ட்டையே ஏற்கும்.

மீண்டும் பொருத்துதல்

ஒரு போல்ட்டு முறிந்திருந்தால் ஏனையவையும் அதே வெப்பத்தையும் துருவையும் கண்டவை என்பதால், அனைத்தையும் மாற்றுவது நலம். மேனிபோல்டின் முகப்பை நேர்விளிம்பு கொண்டு சோதித்து, கோணியிருந்தால் சமப்படுத்த வேண்டும். கோணல் நீங்காவிடில் புதிய போல்ட்டும் முறியும். கேஸ்கட் புதியதாக இருத்தல் வேண்டும். சில எஞ்சின்களில் ஸ்டட்டுத் துளை குளிர்விப்பு நீர் அறை வரை செல்வதால், அங்கு மரையில் கசிவடைப்பான் பூச வேண்டும். ஸ்டட்டுகளுக்குப் பித்தளை நட்டுகளைப் பயன்படுத்தினால், அவை துருவால் இறுகுவது குறையும்.

முடுக்குதலை நடுவிலிருந்து தொடங்கி, இரு முனைகளையும் நோக்கிப் பல சுற்றுகளில் செய்ய வேண்டும். தயாரிப்பாளர் குறித்த முறுக்கு அளவு பெரும்பாலும் உலர்ந்த மரைக்கு உரியது. மரையில் பிடிப்புத்தடுப்புப் பசை பூசினால் உராய்வு குறைவதால், அதே அளவில் முடுக்கும்போது போல்ட்டு மிகையாக இழுபடும். ஆதலால் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு

சூடாக்கும்முன் எண்ணெய்ப் படிவைத் துடைப்பதும், எரிபொருள் குழாய்களை விலக்குவதும் இன்றியமையாதன. குளோரின் சேர்ந்த துப்புரவு நீர்மங்கள் சூடேறினால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வளிமம் உருவாகும். எனவே அவற்றைப் பூசிய இடத்தில் சுடரோ வெல்டிங்கோ கூடாது. துளையிடும்போது கண்ணாடி அணிய வேண்டும். வேலை முடிந்தபின் எஞ்சினைத் திறந்த வெளியில் இயக்கிக் கசிவைச் சோதிக்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் இயக்குதல் உயிருக்கே ஆபத்தாகும்.

இவற்றையும் பார்க்கவும்

உள் எரி பொறி
வெப்ப விரிவு
துருப்பிடித்தல்
கார்பன் மோனாக்சைடு நச்சேற்றம்