இழுப்புக்குப் பச்சிலை: ஆய்வுக்கூடம் என்ன சொல்கிறது?

நெகிரி செம்பிலானில் சிலியாவ், ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத் தோட்டங்களில் பால்மரம் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பலவும் காலியாகிவிட்டன. ஆனாலும் தோட்டத்தில் வளர்ந்த பாட்டிமாரிடம் இழுப்புக்கு என்ன மருந்து என்று கேட்டால் பதில் உடனே வரும்: தூதுவளை ரசம், ஆடாதோடைக் கஷாயம், கண்டங்கத்திரி. பாதையோரம் களையாக முளைக்கும் அம்மான் பச்சரிசியையும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். இவற்றில் உண்மையிலேயே மருந்து இருக்கிறதா?

அதற்குமுன் இழுப்பு என்னும் ஆஸ்துமா நோயைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். படுக்கைத் தூசியில் வாழும் உண்ணி, கரப்பான் கழிவு, பூஞ்சை போன்றவற்றைப் பகையென்று எண்ணிச் சிலருடைய உடல் ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கிறது. அது மூச்சுக்குழாயிலுள்ள மாஸ்ட் செல்களில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே தூசி மறுபடி உள்ளே போனதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினையும் லூக்கோட்ரையினையும் கொட்டுகின்றன. தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி கட்டுகிறது. 2015இல் நெகிரி செம்பிலானிலும் பள்ளிகளை மூடவைத்த புகைமூட்டம், இப்படி ஏற்கெனவே புண்பட்ட குழாய்களை மேலும் சீண்டக்கூடியது.

இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணியைத் தாவரப் பொருள் அறுக்க முடியும் என்பதற்கு மிகப் பழைய சான்று சென்னையிலிருந்தே கிடைக்கிறது. இழுப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் இந்திய வழக்கத்தை அங்கே தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அறிந்திருந்தார். 1802இல் ஜெனரல் ஜென்ட் அதை பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். பிறகு ஐரோப்பாவில் ஊமத்தைச் சுருட்டே ஆஸ்துமா மருந்தாக விற்றது. அதிலுள்ள அட்ரோபின் குழாயைத் தளர்த்தும். அளவு மீறினால் சித்தப்பிரமை உண்டாக்கும், உயிரையும் எடுக்கும். வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறை மாற்றியமைத்து, ரத்தத்தில் அதிகம் கலக்காத இப்ராட்ரோபியத்தை உருவாக்கினார்கள். கடும் இழுப்போடு வருபவருக்கு மருத்துவமனையில் நெபுலைசர் வழியாகக் கொடுக்கப்படும் மருந்துகளில் இதுவும் ஒன்று.

ஆடாதோடையின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். அதன் இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டு பிறந்ததுதான் புரோம்ஹெக்சின். பார்மசியில் பிசல்வான் என்ற பெயரில் கிடைக்கும் இது சளியை இளக்கும். ஒவ்வாமையைத் தணிக்காது.

தூதுவளையும் கண்டங்கத்திரியும் சோதனைக்கு உள்ளாகியிருக்கின்றன. கோவிந்தன் குழுவினர் 1999இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வில், ஆஸ்துமா நோயாளிகளுக்கு இச்செடிகளின் பொடி 300 மில்லிகிராம் அளவில் தரப்பட்டது. மூச்சு சீரானது உண்மை. ஆனால் ஒப்பிடத் தந்த சால்பியூட்டமால், டெரிபிலின் மாத்திரைகளின் பலன் இன்னும் அதிகமாக இருந்தது.

மலேசியாவின் பங்கான ஆய்வு செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. மலாய்க்காரர்கள் உலாமாகப் பச்சையாகவே தின்னும் தெங்கெக் பூருங் இலையிலிருந்து டி.எச்.ஜி.ஏ. என்ற சேர்மத்தை அங்குள்ள ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். லூக்கோட்ரையினை உண்டாக்கும் நொதியை இது தடுக்கிறது. இன்று மாத்திரையாகத் தரப்படும் மொன்டெலூகாஸ்ட், லூக்கோட்ரையின் வந்து ஒட்டும் இடத்தை அடைக்கிறது, டி.எச்.ஜி.ஏ. அது உண்டாகும் இடத்திலேயே கை வைக்கிறது. முட்டைப் புரதத்தால் ஒவ்வாமை உண்டாக்கப்பட்ட எலிகளில் அழற்சியும் சளிச் சுரப்பும் குறைந்ததாக 2012இல் ஆய்வறிக்கை வெளிவந்தது.

எலியில் பலித்தது மனிதரிடம் பலிக்க வேண்டுமென்பதில்லை. தூய சேர்மத்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுப்பது வேறு, இலையை மென்று தின்பது வேறு. மண்ணையும் மழையையும் பறிக்கும் பருவத்தையும் பொறுத்து ஒரே செடியில் மருந்தின் அளவு மாறும். கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று அடுப்படியில் எவராலும் சொல்ல முடியாது. பாட்டியின் கைமருந்துக்கும் இன்ஹேலருக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இந்த அளவுதான்.

ஆகவே தூதுவளை ரசத்தை உணவாகத் தாராளமாகச் சாப்பிடலாம். ஊமத்தையை மட்டும் எந்த வடிவிலும் நெருங்கக் கூடாது. இழுப்புக்கென்று விற்கும் பொட்டலத்தில் மால் (MAL) எனத் தொடங்கும் மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒளிந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். கைமருந்து ஏதாவது எடுத்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சு இலேசாகிவிட்டது என்பதற்காக, மருத்துவர் தந்த தடுப்பு இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.