எழுத்தோடு எழுத்துருவும்

ஈயத்தில் வார்த்த எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், எழுதியவர் கையெழுத்துப்படியை மட்டும் அச்சகத்தில் கொடுத்தால் போதும். எழுத்துகள் அச்சகத்தின் பெட்டிகளில் இருந்தன. அச்சுக்கோப்பவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். இன்று எழுதுபவரே கணினியில் தட்டச்சு செய்து, பக்கத்தையும் வடிவமைத்து அனுப்புகிறார். ஆயின், தாம் பயன்படுத்திய எழுத்துரு அச்சகத்தின் கணினியில் உள்ளதா என எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

புதுக்கோட்டை மாவட்டம் அரிமளத்தில் உள்ள பள்ளியொன்று, தன் ஆண்டுவிழா அழைப்பிதழைப் புதுக்கோட்டை அச்சகம் ஒன்றிற்கு மின்னஞ்சலில் அனுப்புவதாகக் கொள்வோம். பள்ளிக் கணினியில் செம்மையாகத் தோன்றிய அழைப்பிதழ், அச்சகத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றக்கூடும். இதற்குக் காரணம் என்ன?

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. அவ்வெண்களுக்கு உருவம் தருவது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. பாமினியில் அகரம் இருப்பது ஆங்கிலச் சிற்றெழுத்தான ‘எம்’ என்பதன் இடத்தில். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அகரம் மறைந்து, ‘எம்’ தோன்றும்.

இக்குறையை நீக்கியது ஒருங்குறி. இம்முறையில் தமிழுக்கெனத் தனி எண்கள் உள்ளன; அகரத்தின் எண் எக்கணினியிலும் 2949 ஆகும். தமிழ்நாடு அரசு 2010 ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

எனினும், ஒருங்குறி எழுத்தைக் காக்குமே அன்றி அதன் தோற்றத்தைக் காக்காது. நாம் பயன்படுத்திய எழுத்துரு அச்சகத்தில் இல்லையெனில், கணினி வேறொன்றை இட்டு நிரப்பும். எழுத்துகளின் அகலம் மாறும், வரிகள் நகரும், இறுதி வரி அடுத்த பக்கத்திற்குச் செல்லும். பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள்கள் ஒருங்குறியை ஏற்பதில்லை. அவற்றைப் பயன்படுத்தும் அச்சகங்கள் நம் உரையைப் பழைய குறியீட்டிற்கு மாற்றும்போதும் பிழைகள் நேரலாம்.

தட்டச்சுப் பிழைகளும் இவ்விடத்தில்தான் வெளிப்படும். ‘ஔவை’ என்னும் பெயரை ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து ‘ஒளவை’ எனத் தட்டச்சு செய்வோர் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும், கணினிக்கு அவை வேறு. எழுத்துரு மாறும்போது இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியக்கூடும்.

இவற்றைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. உரையை ஒருங்குறியில் தட்டச்சு செய்தல் முதற்படி. எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பாக மாற்றி அனுப்புதல் இரண்டாம் படி. கோப்பின் பண்புகள் பகுதியில், ஒவ்வோர் எழுத்துருவும் உட்பொதிக்கப்பட்டுள்ளதா எனக் காணலாம். அச்சகத்தார் உரையில் திருத்தம் செய்ய வேண்டியிருப்பின், மூலக்கோப்பையும் உரிமம் அனுமதிக்கும் எழுத்துருக் கோப்பையும் உடன் அனுப்புதல் வேண்டும். சரியான தோற்றம் எதுவென அச்சகத்தார் அறிய, பி.டி.எஃப். படியே சான்றாக அமையும்.

இறுதியாக, அச்சகம் தரும் மெய்ப்பைத் தாளில் படித்துப் பார்த்தல் இன்றியமையாதது. பெயர், நாள், நேரம் ஆகியவற்றை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் ஒப்பிடுதல் நன்று. ஐந்நூறு படிகள் அச்சான பின் காணும் பிழையைத் திருத்தப் பொருளும் காலமும் வீணாகும். அழைப்பிதழில் தம் பெயர் சிதைந்திருக்கக் காண்பவரின் வருத்தமோ மறுபதிப்பால் தீர்வதன்று.

அன்று எழுத்துகளைக் காத்தவர் அச்சுக்கோப்பவர். இன்று அப்பொறுப்பு, அனுப்புபவர் கைக்கு வந்துள்ளது.