மறதியும் மனப்பாடமும்

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் நமது வீடுகளில் ஒரு கட்டளை ஓயாமல் ஒலிக்கும். "இன்னொரு தடவை படி!" என்பதே அது. பையனும் படிக்கிறான். பத்துத் தடவை படித்து, பாடம் வந்துவிட்டது என்று நம்பி உறங்கப் போகிறான். ஒரு வாரம் சென்றபின் வினாத்தாளைக் கண்டதும் படித்ததெல்லாம் பறந்து போகிறது. உடனே அவனுக்கு 'மந்த புத்தி' என்று பட்டம் சூட்டிவிடுகிறோம். குறை அவன் புத்தியிலா, படித்த முறையிலா என்று விசாரியாமல் இப்படித் தீர்ப்புக் கூறுவது நியாயமாகுமா?

மனோதத்துவ சாஸ்திரிகள் இவ்விஷயத்தை வெகுகாலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். ஜெர்மனி தேசத்து ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர், பொருளற்ற சிறு அசைகளை வரிசையாகக் கோத்து, பிழையின்றிச் சொல்லும் வரையில் உருப்போட்டார். சோதனை செய்தவரும் அவரே. சோதனைக்கு உட்பட்டவரும் அவரே! சில காலம் கழித்து அதே வரிசையை மறுபடியும் உருப்போட்டு, முன் பட்ட சிரமத்தில் எவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். ஒரு மணி நேரம் சென்றதும் பாதிக்கும் குறைவாகவே மிச்சமாயிற்று. ஒரு நாள் சென்றபின் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் சென்றபின்னும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. மறதி முதலில் வேகமாகப் பாய்ந்து, பிறகு மெதுவாக நடக்கிறது என்பதை 1885-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் உலகுக்கு உணர்த்தியது. ஆகவே, மறப்பது மந்தனின் அடையாளமன்று. மனித மனத்தின் இயல்பு.

அவர் கண்ட மற்றொரு உண்மையும் கவனிக்கத் தக்கது. ஒரே நாளில் 68 தடவை உருப்போட்டதனால் கிட்டிய பயன், மூன்று நாட்களில் பகிர்ந்து 38 தடவை உருப்போட்டதனாலேயே கிட்டிவிட்டது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுவதும் கண் விழிப்போர் இந்தக் கணக்கைச் சிந்திப்பார்களாக!

இதைவிட ஆச்சரியமானது, அமெரிக்காவில் ஸெயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006-ம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை. ஒரு சாரார் பாடத்தை நான்கு வேளையும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றொரு சாரார் ஒரு வேளை மட்டும் படித்து, மீதி மூன்று வேளையும் பாடத்தைப் பாராமல் நினைவிலிருந்தே எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே வென்றார்கள்: அவர்களுக்கு நூற்றுக்கு 83 பங்கு நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடையே நிலைமை தலைகீழாயிற்று! படித்தவர்களுக்கு 40 பங்கு; எழுதியவர்களுக்கு 61.

இதிலே வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கை கொண்டவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே. பழகிய எழுத்துக்கள் கண்ணுக்கு எளிதாக இருப்பதைக் கண்டு, பாடம் மனத்தில் பதிந்துவிட்டதாக நாம் ஏமாந்துவிடுகிறோம். கண்டால் அடையாளம் தெரிவது வேறு. காணாமலே நினைவுகூர்வது வேறு. பரீட்சையில் வேண்டியது பின்னதே. ஒற்றையடிப் பாதை நடக்க நடக்கத் தெளிவாவதுபோல, நினைவைத் தேடிச் செல்லும் வழியும் தேடத் தேடத்தான் தெளிவாகிறது.

பொருளறியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதே போதும் என்று நாம் கூறவில்லை. பொருள் விளங்கிய பாடமே மனத்தில் எளிதில் தங்கும். 19471950 என்னும் எட்டு இலக்கங்களைத் தனித்தனியே நினைவில் வைப்பது கடினம். தேசம் விடுதலை பெற்ற ஆண்டும் குடியரசான ஆண்டும் என்று அறிந்தவனுக்கோ அவை இரண்டே விஷயங்கள்!

பெற்றோர்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. குழந்தை பாடத்தைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன படித்தாய், சொல் பார்க்கலாம்" என்று அன்போடு கேளுங்கள். தவறினால் கடிந்துகொள்ளாமல், புத்தகத்தைத் திறந்து திருத்திக்கொள்ளச் செய்யுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள். அடுத்த வாரமும் கேளுங்கள். தட்டுத் தடுமாறி விடை தேடும் அந்தச் சில நிமிஷங்களிலேதான் கல்வி வேரூன்றுகிறது. மந்தன் என்று நாம் ஒதுக்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் முறை தெரியாமல் மட்டுமே பின்தங்கினார்களோ!